பூரிங்குக்கு நாக்கு செத்த கதை

எங்கள் சந்தில் யார் வீட்டில் என்ன சமையல் என்று தெரிந்துகொள்ள யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. என் பெட்டிக்கடையில் உட்கார்ந்திருந்தாலே போதும். காலையில் யார் எதை வாங்கிப் போகிறார்கள் என்று பார்த்து, மத்தியானம் எந்த வீட்டுச் சட்டியில் என்ன கொதிக்கும் என்று சொல்லிவிடுவேன். பூரிங் ஒருத்தி விஷயத்தில்தான் என் கணிப்பு தப்பும். சின்ன பிளாஸ்டிக் பையில் முடிந்த எண்ணெய், இரண்டு பல் பூண்டு, ஒரு தக்காளி, எப்போதாவது ஒரு மத்தி மீன் டப்பா. அவள் வாங்குவது அவ்வளவுதான். வீட்டில் அவளும் புருஷனும் நாலு பிள்ளைகளும். இதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்பது சட்டியைத் திறக்கும்வரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத விஷயம் என் கண்ணெதிரே நடந்தால் எனக்குப் பொறுக்காது. அதனால் அவளை நான் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

அவள் புருஷன் எஸ்தோங்குக்கு நவோத்தாஸ் மீன் துறைமுகத்தில் மீன் தொட்டி இழுக்கும் வேலை. படகு வந்தால் கூலி, வராவிட்டால் வீட்டில் உட்கார்ந்து கூரையைப் பார்க்க வேண்டியதுதான். அடிபட்ட மீன், நசுங்கிய மீன் ஏதாவது சில நாள் கையில் கொண்டு வருவான். பூரிங் அதை வினிகரில் போட்டு இஞ்சியும் மிளகும் சேர்த்து வேக வைப்பாள். எண்ணெய் வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம், மறுநாள் வரைக்கும் கெடாது. மறுநாள் மிஞ்சியதை வறுத்தால் அது வேறொரு சாப்பாடு. 

இறைச்சி பூரிங்குக்குத் தின்கிற பொருள் இல்லை, வாசனைக்குப் போடுகிற பொருள். இரண்டு விரல் அகலத்துக்குப் பன்றிக் கொழுப்பு வாங்கினால் அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, சட்டியில் உருக விட்டு, அந்த நெய்யிலேயே பூண்டும் வெங்காயமும் சிவக்க வதக்குவாள். சந்து முழுக்க மணக்கும். அப்புறம் அதில் விழுவது வெறும் காராமணிக்காய்தான். ஆனால் மூக்கு ஏற்கெனவே ஏமாந்து போயிருக்கும். மத்தி மீன் டப்பாவைத் திறந்தால் பீர்க்கங்காயும் மெல்லிசான சேமியாவும் போட்டு ஒரு சட்டி நிறையக் குழம்பாக்குவாள். டப்பாவைத் தண்ணீர் விட்டு அலசி அதையும் ஊற்றுவாள். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரைக் கொட்ட மாட்டாள், அதுதான் புளிப்பு ரசத்துக்குக் கெட்டி கொடுக்கும் என்பாள். கோயிலுக்குப் பின்னால் நிற்கும் முருங்கையிலும் புளிச்சக்காய் மரத்திலும் அதிகம் கை வைத்தவள் அவள்தான். வெள்ளிக்கிழமையானால் எங்கள் சந்து முழுக்கப் பச்சைப்பயறு. எல்லார் வீட்டிலும் அதே பயறு, அதே முருங்கைக்கீரை. ஆனால் பூரிங் வீட்டு வாசனை வந்தால் என் வீட்டுப் பயறு எனக்கே பிடிக்காது. இதை நான் அவளிடம் சொன்னதில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

மத்தியானம் வீட்டுக்குள் வெக்கை தாங்காது. எல்லாரும் கதவைத் திறந்து போட்டு, பெஞ்சியை வாசலில் இழுத்துப் போட்டுத்தான் சாப்பிடுவோம். நாம் சாப்பிடும்போது எதிரே ஆள் வந்தால், "வாங்க, சாப்பிடலாம்" என்று சொல்லியாக வேண்டும். வருகிறவர், "இல்ல, இப்பத்தான் சாப்ட்டேன்" என்று சொல்லியாக வேண்டும். அப்படி யாரும் உட்கார்ந்துவிட மாட்டார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் சொல்லாமல் விட்டால் பெரிய மரியாதைக்குறைவு. மூன்றாம் வீட்டு பெலெனோடு எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. அவளிடமும் நான் தினம் அதைச் சொல்வேன், அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டே பதில் சொல்வாள்.

இந்த ஒரு வார்த்தைக்குள்ளேதான் தெயோ அண்ணன் ஒளிந்துகொண்டிருந்தார்.

அவர் பூரிங் வீட்டுக்கு எதிர் அறையில் இருந்தார். முப்பது வருஷம் ஆள் ஏற்றும் ஜீப்னி வண்டி ஓட்டியவர். கண்ணில் புரை விழுந்ததும் வண்டியை விட வேண்டியதாயிற்று. பெண்சாதி இறந்துவிட்டாள், கப்பல் வேலைக்குப் போன மகனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அப்படியும் தினமும் குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டுதான் வாசலில் உட்காருவார். யார் சாப்பிடக் கூப்பிட்டாலும் கையை உயர்த்தி, "இப்பத்தான் சாப்ட்டேன், நீங்க சாப்பிடுங்க" என்பார். குரலில் ஒரு குறையும் இருக்காது.

ஒருநாள் பூரிங் எண்ணெய் வாங்க வந்தவள் போகாமல் நின்றாள்.

"நித்தாக்கா, தெயோ அண்ணன் உங்ககிட்ட அரிசி வாங்குறாரா?"

"அத எதுக்கு நீ கேக்குற?"

"சும்மா சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். காப்பித்தூள் வாங்குவார். கொஞ்சம் சீனி. அரிசி கடைசியாக எப்போது வாங்கினார் என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

"வேற கடையில வாங்குவாரா இருக்கும்."

"அந்தக் கண்ண வச்சுக்கிட்டு மெயின் ரோட்டத் தாண்டிப் போவாரா? அவர் வீட்டு அடுப்புச் சத்தம் கேட்டு எவ்வளவோ நாளாச்சு அக்கா. நான் தினம் கூப்பிடுறேன், அவர் தினம் சாப்ட்டேங்குறாரு. எதச் சாப்ட்டாராம்?"

வயிறு நிறைந்தவனும் பட்டினி கிடப்பவனும் ஒரே பதிலைச் சொன்னால் யாரால் கண்டுபிடிக்க முடியும்? கண்டுபிடித்தாலும், "நீங்க சாப்பிடலன்னு எங்களுக்குத் தெரியும்" என்று அந்த மனிதர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? அப்படிச் சொன்னால் மறுநாள் அவர் அந்த அறையைக் காலி பண்ணிக்கொண்டு எங்காவது போய்விடுவார். போய் எங்கே விழுவாரோ.

அந்த வெள்ளிக்கிழமை பூரிங் ஒரு கிண்ணம் பயறை மூடி, கடைக்குட்டி தின்தின் கையில் கொடுத்து அனுப்பினாள். நிறைய ஆக்கிவிட்டோம், வீணாகிவிடும் என்று சொல்லச் சொன்னாள். பூரிங் வீட்டில் சோறு வீணாகிறதாம். தெயோ அண்ணன் வாங்கிக்கொண்டார். நல்ல வேலை செய்தோம் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். அங்கேதான் புத்தி கெட்டுப் போனோம். பக்கத்து வீட்டிலிருந்து வந்த கிண்ணத்தை எங்களில் யாரும் வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம், ஒரு வாழைப்பழமாவது வைத்துத்தான் கொடுப்போம். இது தெரிந்தும் எங்களுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் தெயோ அண்ணன் என் கடைக்கு வந்து மூன்று முட்டை கேட்டார்.

"காப்பித்தூள் எடுத்து வைக்கவா அண்ணே?"

"காப்பி வேண்டாம் நித்தா. நெஞ்சு கரிக்குது."

கிண்ணத்தில் அந்த மூன்று முட்டையோடு அவர் பூரிங் வாசலில் போய் நின்றதை நான் கடையிலிருந்தே பார்த்தேன். அவள் வாங்கிக்கொண்டு சிரித்தாள். அவர் தலை மறைந்ததும் என்னிடம் ஓடி வந்தாள். அவர் காப்பித்தூள் வாங்காமல் போனதைச் சொன்னேன்.

"அந்த மனுஷன் வாயிலருந்து காப்பியையும் பிடுங்கிட்டேன் அக்கா."

"அழாதடி. அடுத்த தடவ வாழையிலையில கட்டிக் குடு. இலைய யாரும் திருப்பித் தர மாட்டாங்க."

"இலையில கட்டிக் குடுத்தா அது என்னன்னு அவருக்குத் தெரியாதா?"

அதுவும் சரிதான்.

அந்தச் சமயம் சந்தில் ஒரு காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு ஒருத்தர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தோம். பூரிங்கும் படுத்து எழுந்தாள். எழுந்த மறுநாள் மத்தியானம் கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்து, எதிர்வீட்டைப் பார்த்து, சந்துக்கே கேட்கும்படி பேசினாள்.

"தெயோ அண்ணே, எனக்கு ஒரு உதவி பண்ணணும். காய்ச்சல்ல நாக்கு செத்துப்போச்சு. உப்பும் தெரியல, புளிப்பும் தெரியல. பிள்ளைங்க வாயில வைக்க முடியலேங்குதுங்க. கொஞ்சம் ருசி பாத்துச் சொல்றீங்களா?"

சாப்பிடக் கூப்பிட்டிருந்தால் பதில் தயாராக இருந்திருக்கும். உதவி என்று கேட்டவளுக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எழுந்து வந்தார். ஒரு ஸ்பூன் ரசத்தை வாயில் வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் யோசித்தார்.

"புளிப்பு பத்தல."

"சோறில்லாம வெறும் வாயில குடிச்சா அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் சோத்தோட பாத்துச் சொல்லுங்க."

சோற்றோடு பார்த்தார். அப்புறம் மீனோடு பார்த்தார். தட்டு காலியான பிறகு, "சோத்தோட சரியாத்தான் இருக்கு," என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் பூரிங் நாக்கு செத்தே கிடந்தது.

சந்து சும்மா இருக்குமா? பெலென் என் காதில் விழ வேண்டும் என்றே பேசினாள். "நாக்கு செத்தா டாக்டர்கிட்ட போவாங்க. டிரைவர்கிட்ட போறது இப்பத்தான் பாக்குறேன்." எஸ்தோங்குக்கும் மனசுக்குள் குடைந்தது. ஒருநாள் கேட்டேவிட்டான்.

"ஏன், என் நாக்குக்கு என்ன கேடு? நான் ருசி பாக்கக் கூடாதா?"

"உன் நாக்குக்கு ருசி பாக்க எங்க நேரம் இருக்கு? தட்டுல விழுறதுக்குள்ள முழுங்கிடுற."

மூத்த பெண் மரிலூ சிரித்தாள். எஸ்தோங் சிரிக்கவில்லை. அவனையும் குறை சொல்ல முடியாது. இழுப்பது அவன் முதுகு, தட்டு ஏழானதும் குறைவது அவன் சோறு.

ஆனால் நான் இன்னொன்றையும் பார்த்தேன். தெயோ அண்ணன் அந்த வேலையை வேலையாகவே எடுத்துக்கொண்டார். "இன்னைக்கு பூண்டு கொஞ்சம் தீஞ்சிருச்சு," என்பார். "இதுல இஞ்சிய நசுக்கிப் போட்டியா, நறுக்கிப் போட்டியா? நசுக்கினா இன்னும் இறங்கும்." "நேத்து வச்ச பயறு என் பொண்டாட்டி வச்ச மாதிரி இருந்துச்சு." அவர் அப்படிச் சொல்லும்போது பூரிங் முகத்தைப் பார்க்க வேண்டும். என் கடையில் நின்று தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பழுத்ததாகக் கேட்டு வாங்க ஆரம்பித்தாள். அதற்கு முன்னால் நான் எதை எடுத்துக் கொடுத்தாலும் வாங்கிப் போகிறவள். வேலை செய்துகொண்டே பாடவும் செய்தாள். குரல் சகிக்காது, இருந்தாலும் பாடினாள்.

அப்புறம் புயல் வந்தது. ஒன்று போனால் அடுத்தது. படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன, எஸ்தோங் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பூரிங் எண்ணெய் வாங்குவதை நிறுத்தினாள். அப்புறம் தக்காளியை நிறுத்தினாள். சோறு கஞ்சியாயிற்று, கஞ்சி நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே போயிற்று. இஞ்சியும் உப்பும்தான் அதில் ருசி. அதையும், "பாத்துச் சொல்லுங்க அண்ணே," என்று தெயோ அண்ணனுக்கு ஒரு கிண்ணம் ஊற்றினாள். எல்லாருக்கும் ஊற்றியபின் சட்டியின் அடியைச் சுரண்டித் தின்பது அவள் பங்கு. கன்னம் ஒட்டிப் போயிற்று. எனக்கு ஆத்திரமாக வந்தது.

"நாலு பிள்ளைய வச்சுக்கிட்டு உனக்கு எதுக்குடி இந்த தர்மம்?"

"தர்மம்னு சொல்லாதீங்க அக்கா. அவர் காதுல விழுந்துரும்."

"விழட்டும். கண்ணாடியில உன் மூஞ்சியப் பாத்தியா?"

"கொஞ்ச நாள். படகு போயிருச்சுன்னா சரியாயிரும்."

படகு போவதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. யாரோ கொடுத்த கருவாட்டுத் தலைகளைப் போட்டு அன்று கீரை கொதிக்க வைத்திருந்தாள். தெயோ அண்ணன் வந்து பெஞ்சியில் உட்கார்ந்து, ஸ்பூனைக் கையில் பிடித்துக் காத்துக்கொண்டிருந்தார். தின்தின் எதற்கோ அழுதது, இன்னொருத்தன் அதை அடித்தான், பூரிங் இரண்டு பேரையும் அதட்டிக்கொண்டே கரண்டியைப் புறங்கையில் தட்டி, விழுந்த சொட்டை நக்கினாள்.

"அடச்சே, உப்பு கரிக்குதே," என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. தெயோ அண்ணன் ஸ்பூனை மெதுவாகத் தட்டின் மேல் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

"நாக்கு சரியாயிருச்சு போல. நல்லது பூரிங்," என்றார். எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு தன் அறைக்குப் போனார். கதவு மூடியது.

அன்றிலிருந்து அவர் வாசலில் உட்காரவில்லை. பூரிங் கூப்பிட்டாள், கதவுக்குப் பின்னாலிருந்து, "இப்பத்தான் சாப்ட்டேன்" என்று பதில் வந்தது. நான் கூப்பிட்டேன், அதே பதில். எஸ்தோங்கே போய்க் கதவைத் தட்டிக் கூப்பிட்டான். "சாப்ட்டேன்ப்பா, நீங்க சாப்பிடுங்க." ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. நாங்கள் கூப்பிடக் கூப்பிட அவர் மறுத்துக்கொண்டேயிருந்தார். மரியாதையாகப் பேசிப் பேசியே அந்த மனிதரைக் கொன்றுவிடுவோம் போலிருந்தது.

பூரிங்குக்கும் சோறு இறங்கவில்லை. மழை விட்ட ஒரு மத்தியானம், சந்தில் எல்லாரும் பெஞ்சியைத் துடைத்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவள் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, கரண்டியைக் கீழே வைக்காமலே எதிர்வீட்டுக் கதவுக்குப் போனாள்.

"தெயோ அண்ணே, கதவத் திறங்க."

"நான் இப்பத்தான்..."

"சாப்பிடல. நீங்களும் சாப்பிடல, நானும் சாப்பிடல." கரண்டியால் கதவைத் தட்டினாள். "நாக்கு செத்துச்சுன்னு சொன்னது பொய்தான். பொய்யின்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, போகட்டும். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. கல்யாணம் ஆன நாள்லருந்து சமைக்கிறேன். இருக்கறத வச்சு, இல்லாதத இருக்கற மாதிரி காட்டி, தினமும் சட்டிய நிரப்புறேன். எல்லாரும் வருவாங்க, தின்பாங்க, போவாங்க. இன்னும் இருக்கான்னு கேப்பாங்க. எப்படி இருக்குன்னு ஒருத்தர் சொன்னதில்ல. இஞ்சிய நசுக்கினியா நறுக்கினியான்னு நீங்க ஒருத்தர்தான் என்னைக் கேட்டீங்க. அத நான் பொய்யா கேட்டு வாங்கல. அதுக்குத்தான் நான் காலையில எந்திரிச்சேன். நீங்க வராத இந்த நாள்ல என்ன சமைச்சேன்னு எனக்கே ஞாபகம் இல்ல."

எஸ்தோங் கையில் கிண்ணத்தோடு தன் வாசலில் உட்கார்ந்திருந்தான். தலை குனிந்திருந்தது. நானும் என் தட்டைப் பார்த்துக்கொண்டேன். அவள் வீட்டுப் பயற்றின் வாசனைக்கு நான் எத்தனை வெள்ளிக்கிழமை மூக்கை நீட்டியிருக்கிறேன்.

தாழ்ப்பாள் எடுக்கும் சத்தம் கேட்டது. தெயோ அண்ணன் தேய்த்த சட்டையோடுதான் நின்றார், ஆனால் சட்டைக்குள் ஆள் இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் கண்ணை இடுக்கினார். வாயில் சோற்றோடு உட்கார்ந்திருந்த பெலென், பழக்க தோஷத்தில், "வாங்கண்ணே, சாப்பிடலாம்," என்றாள்.

வழக்கமான பதிலுக்கு எங்கள் காதெல்லாம் தயாராயின. அவரும் வழக்கம்போலக் கையை உயர்த்தினார். உயர்த்திய கை பாதியில் நின்றது.

"பசிக்குது," என்றார்.

எங்கள் சந்தில் பிள்ளைகள்தான் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஒரு பெரிய மனிதர் வாயிலிருந்து வந்து கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது, சொல்வதற்கென்ன. பெலென் வாயில் இருந்ததை விழுங்க மறந்து எழுந்து பெஞ்சியில் இடம் விட்டாள். ஆனால் பூரிங் அதற்குள் அவர் முழங்கையைப் பிடித்துத் தன் வாசலுக்குக் கூட்டி வந்துவிட்டாள். பிள்ளைகள் நகர்ந்துகொண்டார்கள்.

கஞ்சிதான். முருங்கைக்கீரை போட்டிருந்தாள். அவர் ருசி பார்க்கவில்லை, கருத்துச் சொல்லவில்லை, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். கிண்ணம் காலியானதும் ஒரு நொடி அதைப் பார்த்துவிட்டு, அவளிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து, பூரிங்."

சட்டியில் அவளுக்கென்று இருந்தது ஒரு கரண்டிதான். சுரண்டி அதை ஊற்றினாள். ஊற்றிவிட்டு வெறும் சட்டியோடு நின்றவளின் கையை எஸ்தோங் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். தன் கிண்ணத்தில் பாதியை இன்னொரு கிண்ணத்தில் சாய்த்து அவள் முன்னால் தள்ளினான். மிச்சத்தில் ஒரு வாய் எடுத்து, வழக்கம்போல விழுங்காமல், கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தான்.

"உப்பு சரியா இருக்கு," என்றான்.